முதல் ரெஸ்யூம்: "போட ஒண்ணுமே இல்லக்கா"ன்னு சொல்ற பிள்ளைங்களுக்கு எப்டி உதவுறது

வீட்ல தம்பியோ தங்கச்சியோ, இல்ல நீங்க பாடம் எடுக்குற பிள்ளைங்களோ, ஃபைனல் இயர் வந்து முதல் தடவையா ரெஸ்யூம் எழுத உக்கார்றாங்கன்னா முதல்ல லேப்டாப்ப மூடி வச்சுட்டு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக் குடுங்க. லேப்டாப்ப திறந்தா நேரா சீனியர் அனுப்புன ஃபைல எடுத்து, பேரையும் மார்க்கையும் மட்டும் மாத்தி, "கடின உழைப்பாளி, புதுசா எதையும் சீக்கிரம் கத்துக்குவேன், டீம்ல நல்லா வேலை பார்ப்பேன்"னு எல்லாரும் போடுற அதே மூணு வரியோட முடிச்சிடுவாங்க. காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து காலேஜ் பிள்ளைங்க ரெஸ்யூம பார்த்துக் குடுங்கக்கான்னு அனுப்பிக்கிட்டே இருக்காங்க, அதுல பேர மறைச்சுட்டா எது யாரோடதுன்னு எனக்கே சொல்லத் தெரியாது. நேர்ல வந்து பேசுனா பிள்ளை எவ்ளோ சூட்டிகைன்னு தெரியுது, பேப்பர்ல அதுல கால்வாசி கூட வரல. எனக்கு மனசு கேக்காத விஷயம் இதுதான்.

எக்ஸ்பீரியன்ஸ் இல்லைன்னு சொல்றாங்க. சம்பளச் சீட்டு வர்ற வேலை மட்டும்தான் வேலைன்னு அவங்களா நினைச்சுக்கிறாங்க. ஆனா நம்ம செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வேலையுமே செய்யாம காலேஜ் முடிச்ச பிள்ளைங்கள எண்ணிப் பாருங்க, ரொம்பக் கம்மிதான் இருக்கும். புதுவயல்ல அரிசி மில்லுல லீவுக்கு எடை போட்டு பில் எழுதுனவன் இருக்கான், காரைக்குடி முத்துப்பட்டணத்துல பழைய சாமான் கடையில உக்காந்து வெளிநாட்டுக்காரங்ககிட்ட அரைகுறை இங்கிலீஷ்ல பித்தளைப் பாத்திரத்துக்கு வெலை பேசுனவன் இருக்கான், கானாடுகாத்தான்ல வீடு பார்க்க வர்றவங்களக் கூட்டிட்டுப் போய் எந்த மரம் பர்மாவுலருந்து வந்துச்சுன்னு கதை சொல்ற பிள்ளை இருக்கு. தெருவுல சின்னப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்காத பொம்பளப் பிள்ளையத்தான் தேடணும். இது எதுவுமே ரெஸ்யூம்ல வர்றதில்ல.

இன்னொண்ணும் இருக்கு. தன்னைப் பத்தித் தானே பேசுறது பெருமை அடிக்கிறதுன்னு சொல்லித்தான் நாம பிள்ளைங்கள வளர்த்திருக்கோம், அதனால "உன் பலம் என்ன?"ன்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்கும். அந்தக் கூச்சத்தத் திட்டாதீங்க, அதுக்கு வேற வழி இருக்கு. "நான் பொறுப்பானவள்"னு எழுதச் சொன்னா கூச்சப்படுற பிள்ளை, "தினமும் சாயங்காலம் கடைக் கணக்க நான்தான் முடிப்பேன்"னு எழுதச் சொன்னா தயங்காம எழுதும், ஏன்னா அது பெருமை இல்ல, நடந்தது. பலத்தச் சொல்ல வேணாம், செஞ்சதச் சொன்னா போதும், படிக்கிறவங்க பலத்த அவங்களாவே புரிஞ்சுக்குவாங்க. முதல் ரெஸ்யூமுக்கு இத விட முக்கியமா எனக்கு எதுவும் படல.

அதனால பலம் என்னன்னு கேக்காதீங்க, இப்டி கேளுங்க. போன மே மாச லீவுல காலைலருந்து ராத்திரி வரைக்கும் என்ன பண்ண? வீட்ல பேங்க் வேலை, போன் வேலை, ஆன்லைன்ல ஃபார்ம் போடுறதுன்னா யாரக் கூப்புடுறாக? டிபார்ட்மெண்ட் ஃபங்ஷனுக்கு எந்த வேலைய சார் உன்கிட்ட குடுத்தாரு, ஏன் உன்கிட்ட? நீ ஒரு நாள் வரலைன்னா எந்த வேலை நின்னு போகும்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிள்ளைங்க கொஞ்ச நேரம் யோசிக்கும், யோசிக்க விடுங்க, நீங்க எடுத்துக் குடுக்காதீங்க.

பள்ளத்தூர் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு, பி.காம். ஃபைனல் இயர், அதோட எப்டி பேச்சு போச்சுன்னு சொல்றேன்.

"லீவுன்னா வீட்ல என்னம்மா பண்ணுவ?"

"ஒண்ணுமில்லக்கா, அம்மா பலகாரம் போடுவாக, கூட இருப்பேன்."

"கூட இருந்துன்னா, முறுக்கு சுத்துவியா?"

"அது அம்மாவும் அத்தையும்தான் சுத்துவாக. நான் ஆர்டர் எழுதிப்பேன், பார்சல் போடுவேன்."

"எதுல எழுதுவ?"

"முன்னாடி நோட்டு, இப்ப எக்ஸெல்லக்கா. யாரு காசு போட்டாக, யாரு போடலன்னு கலர் குடுத்து வச்சிருப்பேன்."

"அத யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லக்கா. ஒரு தீவாளிக்கு சென்னைக்குப் போக வேண்டிய அதிரசம் கோயமுத்தூர் போயிருச்சு, அங்க போக வேண்டிய சீப்புச் சீடை சென்னைக்கு. அம்மா அழுதுட்டாக. அதுக்கப்புறம்தான் நானா உக்காந்து போட்டேன். இப்பல்லாம் மாறுறதில்ல."

அந்தப் பிள்ளை கொண்டு வந்த ரெஸ்யூம்ல இதுல ஒரு வார்த்தை இல்ல. அனுபவம்ங்கிற எடத்துல கோடு போட்டு விட்டிருந்துச்சு. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து எழுதுனது இது, கம்பெனிக்குப் போறப்ப இங்கிலீஷ்ல போச்சு, இங்க தமிழ்லயே போடுறேன்:

"வீட்டுப் பலகாரத் தொழிலில் ஆர்டர், பேக்கிங், கூரியர், வசூல் கணக்கு ஆகியவற்றைக் கவனித்தேன். தீபாவளி சீசனில் வாரத்துக்குச் சுமார் 40 ஆர்டர்கள். வெளியூர் பார்சல்கள் மாறிப்போவதைத் தடுக்க எக்ஸெல்லில் ஆர்டர் பட்டியல் உருவாக்கினேன். அதன் பிறகு பார்சல் மாறவில்லை."

நாலு வரிதான். அக்கவுண்ட்ஸ் தெரியும், கஸ்டமர்கிட்ட பேசத் தெரியும், ஒரு பிரச்சனை வந்தா தானே வழி பார்க்கும், மூணும் அதுக்குள்ள வந்துருச்சு, ஆனா "நான் திறமைசாலி"ன்னு எங்கயும் சொல்லல. எந்த வரியா இருந்தாலும் இப்டித்தான் பாருங்க: என்ன செஞ்ச, எவ்ளோ செஞ்ச, அதனால என்ன ஆச்சு. மூணாவது எல்லாத்துக்கும் கெடைக்காது, பரவால்ல, முதல் ரெண்டு கட்டாயம் வேணும்.

அந்த 40ங்கிறது சும்மா போட்டது இல்ல, கூரியர் சீட்டுகள எண்ணிப் பார்த்துட்டுத்தான் போட்டோம். நம்பர் போடச் சொல்றேன்னு கற்பனை நம்பர் போட விட்றாதீங்க. பில் புக்கு, வாட்ஸ்அப் ஆர்டர், அட்டெண்டன்ஸ் நோட்டு எதுலயாச்சும் பார்த்து எண்ணச் சொல்லுங்க, எண்ண முடியலைன்னா "சுமார்"னு போடலாம், அதுவும் முடியலைன்னா நம்பரே வேணாம். இன்டர்வியூல ஒவ்வொரு வரியையும் கை வச்சுக் கேப்பாங்க, பொய் நம்பர் ஒண்ணு மாட்டுனா உண்மையான மத்த எல்லா வரியும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

ஆத்தங்குடிப் பக்கத்துப் பையனுக்கும் இதே கதை. சிவில் டிப்ளமோ, சித்தப்பா டைல்ஸ் பட்டறை வச்சிருக்காரு, ரெஸ்யூம்ல "குடும்பத் தொழிலில் உதவி"ன்னு ஒரே வரி. ஆத்தங்குடிக் கல் எப்டி செய்றாங்கன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், கண்ணாடி மேல சட்டம் வச்சு, டிசைன் அச்சுக்குள்ள கலர் சிமெண்டுக் கலவைய ஊத்தி, அச்சத் தூக்கிட்டு மேல காய்ஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, அதுக்கு மேல ஈரக் கலவை போட்டு அமுக்கி, காய வச்சு, அப்புறம் தண்ணித் தொட்டியில ஊற வச்சு எடுக்கணும், சூளையில சுடுறதே கெடையாது. கலவை விகிதம் தப்புனா கலர் மாறும், தண்ணியில பதம் ஆகலைன்னா கல்லு நிக்காது. அந்தப் பையன் கலர் கலவை சேர்த்திருக்கான், ஊற வச்சு எடுத்த கல்லுல உடைசல் பார்த்துப் பிரிச்சிருக்கான், லாரியில ஏத்துறப்ப எண்ணிக்கை பார்த்திருக்கான். சிவில் படிச்சவனுக்கு சிமெண்டு கலவையும் கியூரிங்கும், அதான் தண்ணியில ஊற வச்சுப் பதமாக்குறதும், கைப்பழக்கமா தெரியும்ங்கிறது அந்தக் கடைசி வருஷ ப்ராஜெக்ட் தலைப்ப விடக் கனமான விஷயம், அத ரெஸ்யூம்ல நடு மத்தியில வைக்கணும். ப்ராஜெக்ட்டையும் போடுங்க, ஆனா நாலு பேரு சேர்ந்து பண்ணதுல இவன் கையால செஞ்சது எதுன்னு போடுங்க.

ப்ராஜெக்ட்னு வந்ததால சொல்றேன், கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் பிள்ளைங்களுக்கு நம்ம காரைக்குடி சிக்ரில, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, ஏதாச்சும் ப்ராஜெக்ட்டோ ட்ரெயினிங்கோ கெடைச்சா "சிக்ரியில் ப்ராஜெக்ட் செய்தேன்"னு பேர மட்டும் போட்டுட்டு நிறுத்திடுறாங்க. 1948-ல நேரு அடிக்கல் நாட்டுன எடம், பேருக்கு மதிப்பு இருக்குதான், ஆனா எந்தக் கருவில ரீடிங் எடுத்த, எத்தனை சாம்பிள், துருப்பிடிக்கிறதப் பத்தியா பேட்டரியப் பத்தியான்னு எழுதலைன்னா அந்தப் பேரு மட்டும் நின்னு என்ன பிரயோஜனம். தமிழ்நாடு அரசோட நான் முதல்வன் திறன் பயிற்சிக் கோர்ஸும் அப்டித்தான். 2022-ல ஆரம்பிச்சதுலருந்து எல்லாருக்கும் அந்த சர்டிபிகேட் இருக்கு, எல்லாருக்கும் இருக்குறது உங்க பிள்ளையத் தனியா காட்டாது, அந்தக் கோர்ஸ்ல என்ன செஞ்சு முடிச்சாங்கன்னு ஒரு வரி சேருங்க.

என்.எஸ்.எஸ்.-ல ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் வேலை, ஏழு நாள் முகாம், இவ்ளோ இருந்தும் "என்.எஸ்.எஸ். உறுப்பினர்"னு ரெண்டே வார்த்தை. முகாம்ல சமையல் பொறுப்பா, ஊர்க்காரங்ககிட்ட சர்வே எடுத்தியா, எத்தனை வீடு? என்.சி.சி.னா பி சர்டிபிகேட்டா சி சர்டிபிகேட்டான்னு தெளிவா போடுங்க. தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்குறவங்களுக்கு குன்றக்குடி வழியில அன்னதானப் பந்தல்ல நின்ன பிள்ளைங்களும் இருக்காங்க, பரிமாறுறதோட நிக்காம சாமான் வாங்குன கணக்கப் பார்த்து, யாரு எந்த நேரத்துக்கு நிக்கணும்னு லிஸ்ட் போட்டிருந்தா அதையும் போடலாம், எந்த சாமி எந்தக் கோயில்ங்கிறத விட அங்க செஞ்ச ஒருங்கிணைப்புதான் வரியில நிக்கணும்.

டைப்ரைட்டிங்க விட்றாதீங்க. நம்ம ஊர்ல ஸ்கூல்லருந்தே இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் லோயர், ஹையர் பாஸ் பண்ணிட்டு, அது பழைய காலத்து விஷயம்னு ரெஸ்யூம்ல போடாம விட்டுடுறாங்க. இங்கிலீஷ் லோயர்னா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர்னா 45, அரசாங்கப் பரிட்சை எழுதி வாங்குனது, "கம்ப்யூட்டர் அறிவு உண்டு"ங்கிற வரிய விட ஆயிரம் மடங்கு நம்பலாம். அதே மாதிரி எம்.எஸ். ஆபீஸ் தெரியும்னு போடாம எக்ஸெல்ல என்ன தெரியும்னு போடுங்க, பிவட் டேபிளா, வி-லுக்அப்பா, சும்மா கூட்டல் கழித்தலா. டேலின்னா ஜிஎஸ்டி என்ட்ரி போடத் தெரியுமா, பேங்க் ஸ்டேட்மெண்ட்டோட ஒத்துப் பார்க்கத் தெரியுமா. ஸ்டார் போட்டு அஞ்சுக்கு நாலுன்னு காட்டுற டிசைன் வேணவே வேணாம், அந்த நாலுக்கு யாருக்குமே அர்த்தம் தெரியாது.

அந்தக் காலத்துல இங்கருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதான் கடல் தாண்டித் தொழில் பண்ண, கப்பல் ஏறுன பையன் பெட்டியடிப் பையனாத்தான், கடையில ஆகக் கீழ இருக்குற எடுபிடியாத்தான், போய் உக்காருவான், அப்புறம் அடுத்தாள்னு ஆரம்பிச்சு ஏஜெண்டு வரைக்கும் படிப்படியா மேல வருவான். பெட்டியடியில சேர்க்குறப்ப யாரும் முன்னனுபவம் கேக்கல, பையன் கணக்குல சுத்தமா, சொன்னதச் செய்வானான்னு பார்த்தாங்க. இப்ப ஃப்ரெஷர எடுக்குற கம்பெனியும் கிட்டத்தட்ட அதத்தான் பார்க்குது, அதனால அதுக்கு ஆதாரமா இருக்குற வரிகள் மேல வரட்டும்.

நோட்டு ரொம்பியாச்சுன்னா இப்ப லேப்டாப்ப திறக்கலாம், போன்ல கூகுள் டாக்ஸ் இருந்தாலும் போதும். ஒரே பக்கம். மேல பேரு, போன் நம்பர், மெயில், ஊரு, அவ்ளோதான். அப்பா பேரு, ஜாதி, மதம், கல்யாணம் ஆச்சா இல்லையா, ஆதார் நம்பர், வீட்டுக் கதவு நம்பர் எதுவும் தனியார் கம்பெனி ரெஸ்யூமுக்குத் தேவையில்ல, ஆதார் நம்பரெல்லாம் போடவே கூடாது, அந்தப் பேப்பர் எத்தனை கை மாறும்னு யாருக்குத் தெரியும். கீழ "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை"ன்னு கையெழுத்துப் போடுற பழக்கத்தையும் விட்டுடலாம். போட்டோ கேட்டா மட்டும் வைங்க. அரசு வேலைக்கு விண்ணப்பம் வேற, அது அவங்க குடுக்குற ஃபார்ம்ல கேக்குறபடிதான் போடணும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

அதுக்குக் கீழ ரெண்டு வரில என்ன படிக்கிறேன், எந்த வேலை தேடுறேன், எது நல்லா வரும். அப்புறம் படிப்பு, கடைசியா படிச்சது மேல, டென்த் கீழ. காலேஜ் பேர முதல்ல போட்டுட்டுத்தான் யுனிவர்சிட்டி பேரு, ஏன்னா நம்ம பக்கம் கலை அறிவியல் காலேஜுன்னா பெரும்பாலும் அழகப்பா பல்கலைக்கழகத்தோட இணைப்பு, இன்ஜினியரிங்னா அண்ணா பல்கலைக்கழகம், பிள்ளைங்க பல்கலைக்கழகப் பேர மட்டும் போட்டுட்டு அங்கயே படிச்ச மாதிரி ஆக்கிடுறாங்க, சர்டிபிகேட் சரிபார்க்குறப்ப தேவையில்லாத கேள்வி வரும். மார்க் கம்மின்னா அனுபவத்தையும் ப்ராஜெக்ட்டையும் மேல ஏத்தி படிப்பக் கீழ எறக்கலாம், அது ஏமாத்துறது இல்ல. அரியர் இருந்து விளம்பரத்துல அதப் பத்திக் கேட்டிருந்தா மறைக்க வேணாம், எத்தனை இருக்கு, எப்ப எழுதப் போறன்னு சொல்லிட்டாப் போதும்.

கலர் கலரா, ஒரு பக்கத்தையே நெட்டுக்கு ரெண்டாப் பிரிச்ச டெம்ப்ளேட் பார்க்க அழகா இருக்கும், ஆனா பெரிய கம்பெனிங்க ரெஸ்யூம முதல்ல சாஃப்ட்வேர்ல போட்டுத்தான் படிக்கிறாங்க, அந்த மாதிரிப் பிரிவு, படம், பெட்டி எல்லாம் இருந்தா அது வரிய மாத்தி மாத்திப் படிச்சுடும். பிரிக்காம மேலருந்து கீழ ஒரே நீட்டா, சாதா எழுத்து, 11 சைஸ், தலைப்பு மட்டும் தடிமன், போதும்.

இங்கிலீஷ்தான் பயம் இவங்களுக்கு. தமிழ் மீடியத்துல வந்த பிள்ளைங்க யாரோ எழுதுன பெரிய பெரிய வார்த்தையத் தூக்கி வச்சுக்கிறாங்க, அப்புறம் இன்டர்வியூல அந்த வார்த்தைய உச்சரிக்கவே வரல. நோட்டுல தமிழ்ல எழுதுனத சின்னச் சின்ன வாக்கியமா மாத்தச் சொல்லுங்க, என்ன செஞ்சேன்ங்கிற வினைச்சொல் முதல்ல வரட்டும், "நான்" ஒவ்வொரு வரியிலயும் வேணாம். சாட்ஜிபிடி யூஸ் பண்ணலாம், ஆனா முழுசா எழுதிக் குடுன்னு கேக்காம, நான் எழுதுனதுல இலக்கணப் பிழைய மட்டும் திருத்து, புதுசா எதையும் சேர்க்காதன்னு கேக்கச் சொல்லுங்க. முழுசா எழுத விட்டா நாலு ஆர்டர் பார்த்த பிள்ளைய ஒரு நிறுவனத்தையே நடத்துன மாதிரி எழுதி வச்சிடும். நீங்களும் உக்காந்து எழுதிக் குடுத்துடாதீங்க, கேள்வி கேக்குறது உங்க வேலை, எழுதுறது அவங்க வேலை. எழுதி முடிச்சதும் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, "இதப் பத்தி இன்னும் சொல்லு"ன்னு கேளுங்க, ஒரு நிமிஷம் பேச முடிஞ்ச வரி இருக்கட்டும், திக்குற வரிய எடுத்துருங்க.

ஒரே ரெஸ்யூம எல்லா எடத்துக்கும் அனுப்புறது நல்லதில்ல. அதுக்காக ஒவ்வொண்ணுக்கும் புதுசா எழுத வேணாம், வரிசைய மாத்துனா போதும். பலகாரக் கணக்குப் பார்த்த அந்தப் பிள்ளை ஆடிட்டர் ஆபீசுக்குப் போட்டா எக்ஸெல்லும் வசூல் கணக்கும் மேல வரணும், கானாடுகாத்தான்ல ஹெரிட்டேஜ் ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீசுக்குப் போட்டா வாடிக்கையாளர்கிட்ட பேசுனதும் தெரிஞ்ச பாஷைகளும் மேல வரணும். விளம்பரத்த ரெண்டு தடவை படிச்சு, அவங்க கேக்குற வார்த்தைங்க உண்மையிலயே நமக்குப் பொருந்துனா அதே வார்த்தையப் போடுங்க.

அனுப்புறப்ப கவனிக்க வேண்டியது சிலது இருக்கு. பிடிஎஃப்-ஆ அனுப்பணும், ஃபைல் பேருல பிள்ளை பேரும் வேலை பேரும் இருக்கட்டும், "நியூ ஃபைனல் 2"ன்னு அனுப்பாதீங்க. மெயில் ஐடி ஸ்கூல்ல விளையாட்டா ஆரம்பிச்சதா இருந்தா பேருல ஒண்ணு புதுசா ஆரம்பிங்க. மெயில் சப்ஜெக்ட்ல எந்த வேலைக்குன்னு எழுதி, உள்ள மூணு வரியாச்சும் எழுதணும், வெறும் மெயில்ல அட்டாச்மெண்ட் மட்டும் போனா நிறைய பேரு திறக்குறதே இல்ல. போன் நம்பர் பிள்ளை கையில இருக்குற நம்பரா இருக்கணும், அப்பா நம்பரக் குடுத்துட்டு அவரு கடையில மும்முரமா இருக்குறப்ப கம்பெனிலருந்து கால் வந்து, "ராங் நம்பர்"னு வச்சுட்ட கதை நம்ம ஊர்ல சாதாரணம். பிரவுசிங் சென்டர்ல டைப் பண்ணா ஃபைல சொந்த மெயிலுக்கு அனுப்பிட்டு, லாக் அவுட் பண்ணி, அங்க இருக்குறத அழிச்சுட்டு வரச் சொல்லுங்க, இல்லைன்னா ஒரு எழுத்த மாத்துறதுக்கும் திரும்ப அங்கயே போய்க் காசு குடுக்கணும்.

ரெஸ்யூம் வெளிய போன ஒண்ணு ரெண்டு வாரத்துல "வேலை ரெடி, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு பணம் போடுங்க"ன்னு கால் வரும், பிள்ளைகிட்டயும் வீட்ல பெரியவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லி வச்சிருங்க, ஒரு ரூபா கூட போட வேணாம். தமிழ்நாடு அரசோட தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்துல காசில்லாமயே பதியலாம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துற முகாமுக்கும் கட்டணம் கெடையாது. முகாமுக்குப் போறப்ப பிரிண்ட் ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போறாங்க, முதல் மேசையிலயே அத வாங்கி வச்சுக்குவாங்க, அடுத்த மேசைக்குக் குடுக்கக் கையில இருக்காது, அதனால பத்துக் காப்பி, ஒரு பேனா, அப்புறம் அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, வரிசையில நிக்கிறப்ப ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கலாம்.